உலோக மூடிக்கு நான் கொடுத்த நற்சான்று

நம் பத்திரிகையின் இந்தப் பொருள் மதிப்பீட்டுப் பக்கத்தை இனி நீங்கள் மூவரும் பார்த்துக்கொள்ளப் போகிறீர்கள் என்று ஆசிரியர் சொன்னார். ஒரு மணி நேரம் வந்து பேசிவிட்டுப் போகும்படி கேட்டார். எழுதித் தருகிறேன் என்றேன். பேசினால் என்னை நான் கொஞ்சம் நல்லவனாக்கிக்கொள்வேன். எழுதினால் அப்படிப்பட்ட இடங்களை அடித்துவிடலாம்.

பொருள்களைச் சோதிக்கும் முறையை நான் சொல்லித் தரத் தேவையில்லை. என் பட்டியல் அலுமாரியில் இருக்கிறது. நீங்கள் அதைவிட நல்ல பட்டியல் போடுவீர்கள். நான் எழுதப் போவது ஒரு தொலைபேசி அழைப்பைப் பற்றியும் அதற்கு நான் சொன்ன பதிலைப் பற்றியும்.

சில வருடங்களுக்கு முன் குறைந்த விலை மடிக்கணினி ஒன்று நம் பக்கத்துக்கு வந்தது. கொழும்பிலிருந்து இறக்குமதியாளரே ஒன்றை அனுப்பியிருந்தார். அந்த விலைக்கு வரும் மற்றவை எல்லாம் பிளாஸ்டிக். மூலையில் பெருவிரலால் அழுத்தினால் திரையில் அலை எழும். மூடியைத் திறந்தால் அடிப்பாகமும் சேர்ந்து எழும்பும். இதற்கு மேல் மூடியும் விசைப்பலகைத் தட்டும் உலோகம். ஒரு விரலால் திறக்கலாம். விசைகள் நடுவில் குழியவில்லை. ஐந்து நாள் அதை என் பையில் வைத்துப் பேராதனை பஸ்ஸில் நின்றபடி போய் வந்தேன். ஒரு கீறல்கூட விழவில்லை. ஜன்னலோரத்தில் வைத்துப் படித்தேன், எழுத்துத் தெரிந்தது. மின்கலம் ஐந்து மணி நேரம் நின்றது. நான் எழுதிய மதிப்பீட்டின் முதல் வரி இது: 'கையில் எடுத்தவுடனேயே கட்டுமானத்தின் உறுதி தெரிகிறது.' அதற்குப் பெரிய எழுத்தில் தலைப்பும் போட்டேன்.

அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. அதுதான் இன்றும் என்னைத் தொந்தரவு செய்கிறது.

புதன்கிழமை பின்னேரங்களில் வாசகர்கள் அழைப்பார்கள். நான் ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு பக்கத்தைத் திருத்திக்கொண்டே பதில் சொல்வேன். அந்தப் புதன்கிழமை அழைத்தவர் சுகந்தி. புசல்லாவைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் ஆசிரியை. பாடசாலை விட்டு வந்து வெளிவாரிப் பட்டப் படிப்புக்கான ஆய்வு அறிக்கையை எழுதிக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை அதைப் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் ஒப்படைக்க வேண்டும். நம் பக்கத்தைப் படித்துத்தான் அந்த மடிக்கணினியை வாங்கினாராம்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு சார். மூடி மேல கை வச்சா மட்டும் எறும்பு ஊர்ற மாதிரி விறுவிறுங்குது. சார்ஜ் போட்டிருக்கும்போதுதான்."

"உலோக உடம்பெண்டால் அப்பிடித்தான் டீச்சர். அது வழமை" என்றேன். நான் யாழ்ப்பாணத்தான். முப்பது வருடம் கண்டியில் இருந்தும் பேச்சு மாறவில்லை.

"பயப்பட வேணாமா சார்?"

"ஒண்டுக்கும் பயப்பிடாதேங்கோ."

பழைய இதழ் ஒன்றைத் தபாலில் அனுப்பக் கேட்டு முகவரியும் தொலைபேசி எண்ணும் சொன்னார். என் பைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். அழைப்பு முழுவதும் இரண்டு நிமிடம் இருக்கும். நான் சொன்னது பெரும்பாலும் உண்மை. உலோக உடம்புள்ள பல கருவிகளில் அப்படி ஒரு சிறு கூச்சம் வரும், அதனால் ஆபத்தில்லை. பொதுவாக உண்மையானதை, அவருடைய நிலையை விசாரிக்காமலே அவருக்கான பதிலாகச் சொன்னேன். நேற்றைவிட இன்று கூடியிருக்கிறதா என்று கேட்கவில்லை. எதன் மேல் நிற்கிறீர்கள் என்று கேட்கவில்லை. பெட்டிக்குள் எந்த வயர் வந்தது என்றும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் கட்டுகஸ்தோட்டையில் மின்சாதனங்கள் திருத்தும் கடைக்குப் போனேன், வேறொரு பொருளைப் பற்றிக் கேட்க. அந்தக் கடைக்காரரை, முஸ்லிம்கள் அண்ணனை அழைப்பதுபோல், எல்லோரும் நானா என்றே கூப்பிடுவார்கள். நானும் அப்படித்தான். என்னைக் கண்டதும் மேசையை இரண்டு தட்டுத் தட்டினார்.

"வாங்க சேர், வாங்க. உங்களத்தான் நெனச்சிட்டு ஈந்த. ஒரு கஸ்டமர் உங்கட பேப்பர வெட்டிக் கொண்டாந்து காட்டுறார். பேப்பர்ல நல்லமெண்டு போட்டு ஈக்கி, அப்ப ஏன் கைய இழுக்குது எண்டு என்னட்டக் கேக்குறார். நானோ எழுதின?"

மேசையில் ஒரு சார்ஜர் இரண்டாகப் பிளந்து கிடந்தது. அந்த மடிக்கணினியின் சார்ஜர்தான். ஆனால் எனக்கு வந்ததல்ல. எனக்கு வந்த பெட்டியில் மூன்று பின் வயர் இருந்தது. மூன்றாவது பின், கசியும் மின்சாரத்தை நிலத்துக்குக் கொண்டுபோகும் எர்த். இதில் இரண்டு பின்தான். கடைகளில் விற்ற பெட்டிகளில் எல்லாம் இதுதான் என்றார் நானா. வெளியே ஒரே நிறம், ஒரே எழுத்து, ஒரே எடை.

இரண்டு பின் பிளக்கை மூன்று துளைப் பொயின்டில் செருகுவது நம் ஊரில் யாருக்கும் பெரிய காரியமில்லை. மேல் துளையில் பேனா முனையைக் கொடுத்து அழுத்தினால் மற்ற இரண்டும் திறந்துகொள்ளும். நம் அலுவலகத்திலும் அதற்கென்றே மை தீர்ந்த பேனா ஒன்று ஜன்னல் விளிம்பில் கிடந்தது. சோதனைக்கு வரும் பொருள்களையே நான் அப்படித்தான் செருகினேன். எர்த் பின் எதற்கு இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் பேனாவை எடுத்தேன்.

நானா ஸ்குரூ டிரைவர் நுனியால் காட்டினார். "இந்தப் பக்கம் மெயின் கரண்ட். அந்தப் பக்கம் லெப்டொப்புக்குப் போற. நடுவுல நல்லா எடம் ஈக்கணும், டேப் சுத்தி ஈக்கணும். இதுல ஒண்டுமே இல்ல. வெயில் நாள்ல சும்மா விறுவிறுங்கும். மழைல ஈரம் புடிச்சா கூடிட்டே வரும். ஒரு நாளக்கி ரெண்டும் ஒண்டாயிடும். பொறகு இருநூத்தி முப்பது வோல்ட்டும் நேரா மூடிக்கு வந்துடும்."

"பிளாஸ்டிக் மூடியெண்டால்?"

"பிளாஸ்டிக்ல எப்பிடி சேர் வார?"

நான் எதைப் புகழ்ந்தேனோ அதன் வழியாகத்தான் மின்சாரம் வரும் என்பதை நானே கூட்டிப் பார்த்துக்கொண்டேன். வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. புசல்லாவைப் பக்கம் நான்கு நாளாக மழை.

சுகந்தியின் எண்ணுக்கு அழைத்தேன். தொடர்பு கொள்ள முடியவில்லை என்று மூன்று மொழியிலும் குரல் சொன்னது. திரும்பவும் அழைத்தேன். அதே குரல். புசல்லாவைப் பொலிசுக்குச் சொல்லலாமா என்று யோசித்தேன். என்னவென்று சொல்வது? ஒரு மடிக்கணினி விறுவிறுக்கிறது, ஆள் அனுப்புங்கள் என்றா? சிரிப்பார்கள் என்று நினைத்தேன். நேரே போவதுதான் சரி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இப்போது யோசித்தால், என் பிழையை இன்னொருவரிடம் சொல்ல வெட்கப்பட்டேன் என்பதுதான் உண்மை. அந்த வெட்கத்தின் நீளம் கண்டியிலிருந்து புசல்லாவை வரை.

கரண்ட் பட்டால் விளக்கெரியும் டெஸ்டர் ஒன்றை நானா கையில் திணித்தார். "லேசா மினுங்கினா வேற. முழுசா எரிஞ்சா யாரயும் கிட்ட விடாதீங்க."

நுவரெலியா பஸ்ஸில் பின்பக்க ஆசனம் கிடைத்தது. நான் பத்திரிகையில் சேர்ந்த காலத்தில் பிரதேசச் செய்திகளைத் திருத்தும் வேலை என்னுடையது. மின்சாரம் தாக்கி இறந்தவர்கள் பற்றிய செய்திகள் வாரத்துக்கு ஒன்றாவது வரும். நான்கு வரி, ஒற்றைப் பத்தி. பெயர், வயது, ஊர், கடைசியில் 'மின் ஒழுக்கே காரணம் என ஆரம்ப விசாரணைகளில் தெரியவந்துள்ளது.' பஸ் பேராதனைப் பாலத்தைத் தாண்டும்போது அந்தச் செய்தி என் தலைக்குள் தானாகவே எழுதப்பட்டுவிட்டது. 'மின்சாரம் தாக்கி ஆசிரியை பலி.' எழுத்தின் அளவைக்கூட முடிவு செய்திருந்தேன். ஐந்தாவது வரியாகச் சேர்க்க வேண்டியது எது என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது. இறப்பதற்கு இரண்டு நாள் முன்பு அவர் ஒருவரிடம் கேட்டிருந்தார், அந்த ஒருவர் பயப்பட வேண்டாம் என்றார். இத்தனை வருடம் நான் திருத்திய அந்தச் செய்திகளில் எத்தனையில் அப்படியொரு ஐந்தாவது வரி விடுபட்டிருக்கும் என்று எண்ணிப் பார்த்தேன்.

கம்பளையில் ஏறிய ஒரு பெண் குடையை மடக்கிக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்தார். கையடக்கத் தொலைபேசியை நான் திரும்பத் திரும்பப் பார்ப்பதைக் கண்டு, "அங்கிட்டு எடுக்காதுங்க" என்றார். "காலைலருந்து கரண்டே இல்ல. மரம் விழுந்துருச்சு. டவரும் செத்துப் போச்சு."

மின்சாரம் இல்லை. மூச்சு விட்டேன். அந்த மூச்சு அடுத்த வளைவு வரைக்கும்தான். மின்சாரம் இல்லையென்றால் சுகந்தி மின்கலத்தில் எழுதிக்கொண்டிருப்பார். அது குறையக் குறைய, கரண்ட் வந்தவுடன் ஏறட்டும் என்று சார்ஜரைச் செருகியே வைத்திருப்பார். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்வேன். திங்கட்கிழமை அறிக்கை கொடுக்க வேண்டியவர் கையை எடுக்க மாட்டார். எங்கோ ஒரு மலைச்சரிவில் மின்சார சபை ஆட்கள் மரத்தை வெட்டி அகற்றி, கம்பியை இழுத்துக் கட்டி, சுவிட்சைப் போடுவார்கள். எந்த நிமிடம் என்று யாருக்கும் தெரியாது. என்னோடு அதே பஸ்ஸில் ஏறி அந்த நிமிடமும் வந்துகொண்டிருந்தது.

"எப்ப வருமாம்?" என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன்.

"வெட்டிக்கிட்டு இருந்தாங்க. வந்துரும். ஏங்க, உங்களுக்கு மேலுக்கு முடியலையா? வேர்க்குது?"

புசல்லாவை டவுனில் இறங்கி ஒரு த்ரீவீலரைப் பிடித்தேன். தோட்டத்தின் பெயரையும் டீச்சரின் பெயரையும் சொன்னேன். "படிக்கிற டீச்சரா? மேல் லயம்" என்றார் சாரதி. "ரோட்டு மோசம் சார், மெதுவாத்தான் போகணும்." வழியெல்லாம் கடைகளுக்குள் மெழுகுதிரி தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே போனேன். மெழுகுதிரி எரியும் வரை அவர் பத்திரமாக இருப்பார்.

தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்தில் அது கடைசி வீடு. கதவு திறந்திருந்தது. கூரைத் தகரத்திலிருந்து ஒழுகிய தண்ணீர் சீமெந்துத் தரையில் மெல்லிய படலமாகப் பரவியிருந்தது. சுகந்தி வாசலுக்குப் பக்கவாட்டில், சிறிய மேசைக்கு முன்னால், வெறுங்காலுடன் உட்கார்ந்து தட்டச்சு செய்துகொண்டிருந்தார். இரண்டு உள்ளங்கைகளும் உலோகத் தட்டின் மேல். சார்ஜர் வயர் மடிக்கணினியிலிருந்து சுவரில் இருந்த பொயின்டுக்குப் போனது. சுவிட்ச் போட்டபடியே இருந்தது.

இந்த இடத்தில் நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று யோசியுங்கள். 'கழற்றுங்கள்' என்றால் அவர் வயரைப் பிடிப்பார். 'ஆபத்து' என்று கத்தினால் பதறி மடிக்கணினியைத்தான் தூக்குவார். அதுதான் அவருடைய வீட்டில் விலைமதிப்பான பொருள். தலைப்பு எழுதப் பழகியதன் பயனாக எனக்கு இருந்தது இவ்வளவுதான்: எந்தச் சொல்லைச் சொன்னால் கை எங்கே போகும் என்று ஒரு கணம் யோசிக்க முடிந்தது.

"டீச்சர், நான் கண்டியிலயிருந்து, பேப்பர்காரன். ரெண்டு கையையும் மேல தூக்குங்கோ."

கையைத் தூக்கினார். சிரித்தும்விட்டார். "என்ன சார், பொலிஸ் மாதிரி? உள்ள வாங்க."

"அப்பிடியே எழும்பி வெளியில வாங்கோ. ஒண்டையும் தொட வேண்டாம்."

"ஒரு நிமிசம் சார், சேவ் பண்ணிட்டு வந்துர்றேன். நாப்பது பக்கம்." கை கீழே இறங்கத் தொடங்கியது.

ஆபத்து என்று அப்போதும் நான் சொல்லவில்லை. என் வாயில் வேறொன்று வந்தது.

"புதன்கிழமை நான் சொன்னது பிழை, டீச்சர்."

அவருடைய கை நின்றது. என் முகத்தைப் பார்த்தார். கதிரையைப் பின்னால் தள்ளி எழுந்து, தண்ணீரில் கால் வைத்து, என்னைத் தாண்டி வாசலுக்கு வெளியே வந்து நின்றார்.

எவ்வளவு நேரம் கழித்து மின்சாரம் வந்தது என்று பலர் கேட்டிருக்கிறார்கள். நான் மணி பார்க்கவில்லை. ஒரு நிருபன் செய்யக் கூடாத தவறு. அடுத்த வீட்டில் ரேடியோ திடீரென்று பாடத் தொடங்கியது. எங்கோ பிள்ளைகள் கூச்சலிட்டார்கள். சுகந்தியின் வீட்டில் பல்பு எரிந்தது. மேசையில் மடிக்கணினியின் ஓரத்தில் சிறிய வெள்ளை விளக்கும் எரிந்தது. பார்ப்பதற்கு எந்த வேறுபாடும் இல்லை. அதே அழகான மூடி.

செருப்புப் போட்ட காலை ஒரு காய்ந்த பலகை மேல் வைத்து டெஸ்டரின் நுனியால் மூடியைத் தொட்டேன். பகல் வெளிச்சத்திலும் தெரிகிற மாதிரி முழுசாக எரிந்தது.

அடுத்த வீட்டிலிருந்துதான் இந்த வீட்டுக்கு மின் இணைப்பு வந்தது. மின்சாரம் கசிந்தால் தானே நிறுத்தும் ட்ரிப் சுவிட்ச் கிடையாது, எர்த் கிடையாது. மெயினை நிறுத்தச் சொன்னேன். "இப்பதான் சார் வந்துச்சு, பாட்டு கேக்க விட மாட்டீங்களா?" என்று ஓர் ஆண் குரல் முணுமுணுத்தது. சுகந்தி, "மாமா, நிப்பாட்டுங்க மாமா!" என்று கத்தினார். ரேடியோ நின்றது.

பிறகு நான் விளக்கினேன். சார்ஜர், ஈரம், மூடி. சுகந்தி கைகளைச் சேலையில் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டே கேட்டார். அவருடைய அம்மா குசினி வாசலில் வந்து நின்றதை நாங்கள் கவனிக்கவில்லை. தோட்டத்தில் கொழுந்து எடுத்து ஓய்வு பெற்றவர். வலது கையை முந்தானைக்குள் வைத்திருந்தார்.

"அப்ப அது இழுக்கக் கூடாதாங்க?" என்று கேட்டார்.

கையை வெளியே எடுக்கச் சொன்னேன். இரண்டு விரல்களின் நுனி வெளுத்து, சிறிய புள்ளியாகக் கருகியிருந்தது.

"என்னம்மா இது?" என்றார் சுகந்தி.

"நேத்து ராத்திரி நீ படுத்தப்புறம் மேசையத் தொடைக்கையில புடிச்சு இழுத்துருச்சு. எப்படி விட்டுச்சுன்னு தெரியல. கீழ கெடந்தேன் கொஞ்ச நேரம்."

"ஏம்மா எங்கிட்டச் சொல்லல?"

"நீதானே சொன்ன, பேப்பர் சார் அதெல்லாம் வழமைன்னாரு, பயப்பட வேணாம்னாருன்னு. எல்லாருக்கும் அப்படித்தான் போல, எனக்குத்தான் தைரியம் பத்தலன்னு நெனச்சேன்."

பஸ்ஸில் இரண்டு மணி நேரம் நான் ஒருவரைப் பற்றித்தான் பயந்தேன். அதற்கு முதல் நாளே இன்னொருவர் என் பதிலோடு தரையில் கிடந்திருக்கிறார். மகளுக்கு நான் கொடுத்த பதில் தாயின் வாயை அடைத்துவிட்டது.

திருத்தம் போட்ட கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். திருத்தங்களை உள்பக்கத்தில் கீழ் மூலையில் சிறிய எழுத்தில் போடுவது நம் வழக்கம். மதிப்பீடு வந்த அதே பக்கத்தில், அதே இடத்தில், அதே அளவு எழுத்தில் போட வேண்டும் என்று கேட்டேன். ஆசிரியர் ஒரு நாள் எடுத்துக்கொண்டு சம்மதித்தார். இறக்குமதியாளர் சார்ஜர்களைத் திரும்ப எடுத்தார். அழைத்த வாசகர்களில் பலர் சொன்னது ஒன்றுதான்: எங்களுக்கும் இழுத்தது, ஆனால் நீங்கள் நல்லது என்று எழுதியிருந்தீர்கள். அன்று முதல் கடைக்கு நானே போய், வாசகருக்குக் கொடுக்கும் பெட்டியை வாங்கித்தான் எழுதினேன். பயப்பட வேண்டாம் என்று யாருக்கும் சொன்னதில்லை. என்ன நடந்தது என்றுதான் கேட்டேன்.

ஆனால் அந்த இதழ் வருவதற்கு முன் ஒரு சனிக்கிழமை இருந்தது. திங்கட்கிழமைக்குள் அந்த நாற்பது பக்கங்களின் மிச்ச வேலை முடிய வேண்டும். சுகந்தி அம்மாவைக் கூட்டிக்கொண்டு கண்டி ஆஸ்பத்திரிக்குப் போய்வந்து, மத்தியானம் லயத்துக்குத் திரும்பியிருந்தார். நானாவும் நானும் கண்டியிலிருந்து போனோம். நானா நல்ல சார்ஜர் ஒன்றும் மூன்று பின் வயரும் கொண்டுவந்தார். வீட்டுக்குப் பின்னால் செம்புக் கம்பியை நிலத்தில் அடித்து எர்த் இழுத்தார். ட்ரிப் சுவிட்ச் பூட்டினார். அடுத்த வீட்டு மாமா ஏணி பிடித்தார். எல்லாம் முடிய நானா மீட்டரை வைத்து மூடியின் நான்கு மூலையிலும் பார்த்தார்.

"ஒண்டும் இல்ல, டீச்சர். இனி வேல செய்ங்க."

சுகந்தி மேசைக்குக் கிட்ட வரவில்லை. வெள்ளிக்கிழமை சிரித்துக்கொண்டே கையைத் தூக்கியவர், இப்போது கைகளைக் கட்டிக்கொண்டு சுவரோடு நின்றார். மீட்டரைப் பார்க்கவில்லை. நானாவைப் பார்க்கவில்லை.

"இப்ப தொடலாமா சார்?"

தொடலாம் என்று சொல்வது எளிது. மீட்டர் பூச்சியம் காட்டியதை நானும் பார்த்தேன். ஆனால் இதே வீட்டுக்கு நான் முன்பும் ஒரு பதில் கொடுத்திருந்தேன்.

செருப்பைக் கழற்றி வாசலில் வைத்தேன். தரை இன்னும் ஈரமாக இருந்தது. நனைந்த சீமெந்தின் குளிர் உள்ளங்கால் முழுவதும் ஏறியது. இந்தத் தரையில் நின்று இந்த மூடியை நான் ஒருமுறைகூடத் தொட்டிருக்கவில்லை. விரல்களின் புறத்தை மெதுவாகக் கொண்டுபோய் மூடியில் வைத்தேன். பிறகு உள்ளங்கையை முழுதாக விரித்து வைத்தேன். எடுக்கவில்லை.

"என்ன இருக்கு சார்?" என்றார் சுகந்தி.

"குளிருது. வேறொண்டும் இல்லை."

என் முகத்தை இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். அதன் பிறகுதான் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முதலில் ஒரு விரலால் ஒரு விசையைத் தட்டினார்.

அம்மா குசினி வாசலைத் தாண்டி வரவில்லை.